பிரைமரி: ஓட்டு பாதி, விதி பாதி

2024 பிப்ரவரி 6 அன்று அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் குடியரசுக் கட்சியின் பிரைமரி நடந்தது. பிரைமரி என்பது கட்சியின் வேட்பாளர் யார் என்று வாக்காளர்கள் ஓட்டுப் போடும் முதற்கட்டத் தேர்தல். வாக்குச்சீட்டில் பெயர் இருந்தவர்களில், போட்டியிலிருந்து விலகாமல் இன்னும் களத்தில் நின்ற நாடறிந்த வேட்பாளர் நிக்கி ஹேலி மட்டுமே. அவர் தோற்றார். அவரைத் தோற்கடித்தது ‘இவர்களில் யாரும் வேண்டாம்’ என்று நெவாடா வாக்குச்சீட்டில் வழக்கமாக அச்சாகும் ஒரு வரி. பதிவான ஓட்டுகளில் 60 சதவீதத்துக்கு மேல் அந்த வரிக்கு விழுந்தது. இரண்டு நாள் கழித்து அதே கட்சி, அதே மாநிலத்தில் காக்கஸ் எனப்படும் கட்சிக் கூட்டங்களை நடத்தியது. அதில் டிரம்ப் இருந்தார், ஹேலி இல்லை. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பேராளர்களான டெலிகேட்டுகள் நெவாடாவுக்கு 26 பேர். அத்தனை பேரும் டிரம்புக்குப் போனார்கள். பிப்ரவரி 6 அன்று ஹேலி ஜெயித்திருந்தாலும் அவருக்கு ஒரு டெலிகேட்கூடக் கிடைத்திருக்காது.

பைத்தியக்காரத்தனமாகத் தெரியும் இந்த ஏற்பாட்டில் விதிமீறல் எதுவும் கிடையாது. பிரைமரி நடத்தியே ஆகவேண்டும் என்று 2021-இல் நெவாடா சட்டமன்றம் சட்டம் போட்டது. ‘நீங்கள் தேர்தல் நடத்திக்கொள்ளுங்கள், அதன் முடிவை நாங்கள் கணக்கில் எடுக்கமாட்டோம்’ என்றது மாநிலக் குடியரசுக் கட்சி. பிரைமரியில் பெயர் கொடுத்தவர் காக்கஸில் நிற்கக்கூடாது என்றும் விதித்தது. காக்கஸில் நிற்க 55,000 டாலர் கட்டணம் வேறு. பிரைமரியை நடத்தியது அரசு, டெலிகேட்டுகளைப் பங்கிட்டது கட்சி.

அமெரிக்க பிரைமரிகளைப் புரிந்துகொள்ள இந்த இரட்டை உரிமையைத்தான் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். வாக்குச்சாவடி, வாக்காளர் பட்டியல், எண்ணிக்கை, செலவு எல்லாம் பெரும்பாலும் மாநில அரசுடையது. அந்த ஓட்டுகள் எத்தனை டெலிகேட்டுகளாக மாறும், எப்படி மாறும் என்பது கட்சியுடையது. டெலிகேட் என்பவர் கட்சியின் தேசிய மாநாட்டில் கைதூக்கும் பேராளர். அதிபர் வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுப்பவர் அவர்தான். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு, கட்சிக்குக் கட்சி விதி வேறு. ஆகவே நாம் ‘அமெரிக்க பிரைமரி’ என்று ஒருமையில் சொல்வது உண்மையில் நூற்றுக்கு மேற்பட்ட தனித்தனிப் போட்டிகளின் தொகுப்பு.

பிரைமரியே ஒரு சீர்திருத்தமாகத்தான் பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேட்பாளரை முடிவு செய்தது கட்சித் தலைகளின் மாநாடு. அந்த அதிகாரத்தை உடைக்க விஸ்கான்சின் ஆளுநர் ராபர்ட் லா ஃபாலெட் பாடுபட்டார். அங்கே 1903-இல் நேரடி பிரைமரிச் சட்டம் வந்தது. ஆனால் அதிபர் வேட்பாளர் விஷயத்தில் பிரைமரி நீண்ட காலம் வெறும் பலப்பரீட்சையாகவே இருந்தது. 1912-இல் தியோடர் ரூஸ்வெல்ட் பெரும்பாலான குடியரசுக் கட்சி பிரைமரிகளில் வென்றார். மாநாடோ வில்லியம் டாஃப்டை நிறுத்தியது. 1968-இல் ஹியூபர்ட் ஹம்ப்ரி ஒரு பிரைமரியிலும் போட்டியிடாமலே ஜனநாயகக் கட்சி வேட்பாளரானார். அந்த சிகாகோ மாநாட்டின்போது தெருவில் நடந்த அடிதடியை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அதன் பிறகு ஜார்ஜ் மெக்கவர்ன் தலைமையில் அமைந்த குழு விதிகளை மாற்றி எழுதியது. டெலிகேட்டுகளை வாக்காளர்களின் பங்கேற்போடுதான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது 1972 முதல் நடைமுறையானது. இன்று நாம் பார்க்கும் பிரைமரிக் காலம் ஐம்பது ஆண்டுப் பழக்கம்தான்.

இன்னொரு வரலாறும் இருக்கிறது, அதை விட்டுவிட மனம் வரவில்லை. டெக்சாஸில் ஜனநாயகக் கட்சி, ‘நாங்கள் ஒரு தனியார் அமைப்பு’ என்ற வாதத்தை முன்வைத்து, வெள்ளையருக்கு மட்டுமான பிரைமரியை நடத்திவந்தது. அன்றைய டெக்சாஸில் அந்தக் கட்சியின் பிரைமரியில் வென்றவர்தான் நவம்பர் பொதுத்தேர்தலிலும் வெல்வார். எனவே கறுப்பினத்தவர் நவம்பரில் ஓட்டுப் போட்டாலும் ஒன்றும் மாறாது. 1944-இல் உச்ச நீதிமன்றம் ஸ்மித் எதிர் ஆல்ரைட் வழக்கில் இதைச் செல்லாததாக்கியது. பிரைமரியில் யாரை உள்ளே விடுவது என்ற கேள்வி எவ்வளவு கனமானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை.

இப்போது யாரை உள்ளே விடுகிறார்கள்? அமெரிக்காவில் கட்சி உறுப்பினராவதற்கு சந்தாவும் அட்டையும் கிடையாது. பல மாநிலங்களில் வாக்காளர் பதிவுப் படிவத்திலேயே கட்சிக்கு ஒரு கட்டம் இருக்கும். அதில் போடும் குறிதான் உறுப்பினர் தகுதி. நியூயார்க், பென்சில்வேனியா, புளோரிடா போன்ற மூடிய பிரைமரி மாநிலங்களில் அந்தக் கட்டத்தில் ஜனநாயகக் கட்சி என்று குறித்தவருக்கு மட்டுமே அக்கட்சியின் வாக்குச்சீட்டு. கட்டத்தைக் காலியாக விட்டவர் எந்தக் கட்சியின் பிரைமரியிலும் வாக்களிக்க முடியாது. டெக்சாஸில் கட்சிப் பதிவே இல்லை. சாவடிக்குப் போய் எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கலாம். ஆனால் மார்ச்சில் ஒரு கட்சியின் பிரைமரியில் ஓட்டுப் போட்டுவிட்டு, மே மாத இரண்டாம் சுற்றில் மற்ற கட்சியின் வரிசைக்குத் தாவ முடியாது. நியூ ஹாம்ப்ஷயரில் கட்சி குறிக்காதவர் அன்றைய தினம் ஒரு கட்சியின் சீட்டைக் கேட்டு வாங்கினால், அந்த நொடியே அக்கட்சியில் பதிவாகிவிடுவார். வெளியே வரும்போது ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுப் பழைய நிலைக்குத் திரும்பிக்கொள்ளலாம்.

அதிகம் பேர் ஏமாறுவது கெடு தேதியில்தான். 2016 ஏப்ரல் 19 அன்று நடந்த நியூயார்க் பிரைமரியில் வாக்களிக்க, ஏற்கெனவே பதிவான வாக்காளர் தம் கட்சியை முந்தைய ஆண்டு அக்டோபர் 9-க்குள் மாற்றியிருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல்! டிரம்பின் சொந்தப் பிள்ளைகள் இவாங்காவும் எரிக்கும் அந்தத் தேதியைத் தவறவிட்டு, தந்தைக்கு வாக்களிக்க முடியாமல் போனார்கள். பிறகு சட்டம் மாறி, இப்போது கெடு பிப்ரவரி 14. புதிதாகப் பதிவு செய்பவருக்கு இந்தத் தடை இல்லை. குடியுரிமை வாங்கிய கையோடு படிவம் நிரப்பும் நம்மவர்கள் பலர், ‘கட்சி எதற்கு, நாம் பொதுவாக இருப்போம்’ என்று கட்டத்தைக் காலியாக விடுவது வழக்கம். மூடிய மாநிலத்தில் அதற்குப் பொருள், பிரைமரியை விட்டு விலகி நிற்பது. கட்டத்தில் குறியிட்டவருக்கு நவம்பரில் அந்தக் கட்சிக்குத்தான் போடவேண்டும் என்ற கடமை ஏதும் இல்லை.

கலிபோர்னியாவில் ஒரு தனிக் குழி இருக்கிறது. அங்கே ‘அமெரிக்கன் இண்டிபெண்டென்ட்’ என்று ஒரு சிறு கட்சி உண்டு. எந்தக் கட்சியையும் சேராதவர் என்று நினைத்துக்கொண்டு அதைக் குறிப்பவர்கள் ஏராளம். சரியான கட்டம் ‘கட்சி விருப்பம் இல்லை’ என்பது. அதைக் குறித்தவரும், அதிபர் பிரைமரி வரும்போது ஜனநாயகக் கட்சியின் சீட்டைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் தபாலில் வரும் சீட்டில் அதிபர் பகுதியே இருக்காது.

வேட்பாளர் பக்கத்திலும் இதே கதைதான். நாடு முழுக்க ஒரே மனுத்தாக்கல் கிடையாது, ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனியாக நுழைய வேண்டும். நியூ ஹாம்ப்ஷயரில் 1,000 டாலரும் ஒரு படிவமும் போதும். வர்ஜீனியாவில் 2012-இல் 10,000 வாக்காளர் கையெழுத்து வேண்டும், அதில் 11 காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தொகுதிகள் ஒவ்வொன்றிலிருந்தும் குறைந்தது 400. மொத்தம் சேர்ந்தால் போதாது, ஒரு தொகுதியில் குறைந்தாலும் மனு விழும். கையெழுத்துகளில் ஒரு பகுதி எப்போதும் தள்ளுபடியாகும்: முகவரி ஒத்துப்போகாது, ஒரே ஆள் இருமுறை போட்டிருப்பார், வாக்காளர் பட்டியலிலேயே இருக்கமாட்டார். அதனால் அனுபவப்பட்டவர்கள் தேவையைவிடப் பாதிக்குப் பாதி கூடுதலாகச் சேர்ப்பார்கள். அந்த ஆண்டு வர்ஜீனியா குடியரசுக் கட்சிச் சீட்டில் ஏறியவர்கள் மிட் ராம்னியும் ரான் பாலும் மட்டுமே. வர்ஜீனியாவிலேயே குடியிருந்த நியூட் கிங்ரிச் பெயர் வரவில்லை. டெக்சாஸ் ஆளுநர் ரிக் பெர்ரி பெயரும் இல்லை.

இனி, எனக்கு இதில் மிகவும் முக்கியமாகப் படுகிற இடம்: ஓட்டு டெலிகேட்டாக மாறும் கணக்கு.

ஜனநாயகக் கட்சியில் எல்லா மாநிலத்திலும் விகிதாசாரம், ஆனால் 15 சதவீதத்தைத் தொட்டால்தான் பங்கு. 2020 நியூ ஹாம்ப்ஷயரை எடுத்துக்கொள்ளுங்கள். சாண்டர்ஸ் சுமார் 26 சதவீதம், புட்டிஜெஜ் 24, குளோபுச்சர் 20, வாரன் 9, பைடன் 8. இருந்த 24 டெலிகேட்டுகளை முதல் மூவரும் 9, 9, 6 என்று பிரித்துக்கொண்டார்கள். வாரனுக்கும் பைடனுக்கும் சுழியம். ஐந்தாம் இடத்தில் ஒரு டெலிகேட்டும் இல்லாமல் நின்ற அந்த பைடன்தான் கடைசியில் வேட்பாளரானார், அதற்குக் காரணம் மாநிலங்கள் வாக்களிக்கும் நாட்காட்டி, அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த 15 சதவீதத்தை மாநிலம் முழுவதற்கும் ஒருமுறை, ஒவ்வொரு காங்கிரஸ் தொகுதிக்கும் ஒருமுறை என்று தனித்தனியாகப் பார்ப்பார்கள். தொகுதிக்குக் கிடைக்கும் டெலிகேட் எண்ணிக்கையும் ஒன்றல்ல. கட்சிக்கு ஓட்டு அதிகமுள்ள தொகுதிக்கு அதிகம். இதில் ஒற்றைப்படை, இரட்டைப்படை என்பதே ஒரு ஆயுதம். இருவர் மோதும் தொகுதியில் 4 டெலிகேட்டுகள் என்றால், 62-க்கு 38 என்று பிரமாதமாக ஜெயித்தாலும் 2-2 என்றுதான் பிரியும். மூன்றாவது டெலிகேட்டைப் பிடிக்க 62.5 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். 3 டெலிகேட்டுகள் உள்ள தொகுதியில் ஒரே ஒரு ஓட்டு முன்னிலை போதும், 2-1. ஆகவே பணத்தையும் ஆட்களையும் எங்கே இறக்குவது என்பது வரைபடத்தில் முன்பே எழுதப்பட்டிருக்கிறது. 2008-இல் ஒபாமாவின் அணி இந்தக் கணக்கை ஹிலாரி கிளிண்டன் அணியைவிட நன்றாகப் போட்டது. பிப்ரவரி 5 அன்று பத்து லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்த நியூ ஜெர்சியில் கிளிண்டன் 59-48 என்று வென்றார், லாபம் 11. சிறிய ஐடஹோவில் காக்கஸுக்கு வந்தவர்கள் சுமார் 21,000 பேர்தான். அங்கே ஒபாமா 15-3 என்று அள்ளினார், லாபம் 12. பெரிய மாநிலத்து வெற்றியைச் சின்ன மாநிலம் ஒரே இரவில் அழித்துவிட்டது.

குடியரசுக் கட்சியில் மாநிலக் கிளைக்கு அதிகச் சுதந்திரம் உண்டு. அடிப்படைப் பங்கீடு எளிது: மாநிலத்துக்கு 10 டெலிகேட்டுகள், காங்கிரஸ் தொகுதிக்கு 3 வீதம், கட்சியின் தேசியக் குழுவில் இருக்கும் அம்மாநிலத்தவர் 3 பேர், இதற்கு மேல் கட்சி வென்ற பதவிகளுக்கேற்பக் கூடுதல் டெலிகேட்டுகள். மார்ச் நடுப்பகுதிக்குப் பின் வாக்களிக்கும் மாநிலங்கள் ‘வென்றவருக்கே எல்லாம்’ என்று வைத்துக்கொள்ளலாம். 2016-இல் புளோரிடா அப்படித்தான் 99 டெலிகேட்டுகளையும் டிரம்புக்குக் கொடுத்தது. அவர் பெற்ற ஓட்டு 46 சதவீதம். தென் கரோலினா இன்னும் கூர்மையான உதாரணம். மாநில அளவில் முதலிடம் பெற்றவருக்கு 29, தொகுதியில் முதலிடம் பெற்றவருக்கு 3 வீதம் ஏழு தொகுதிகளில் 21. டிரம்ப் 32.5 சதவீத ஓட்டோடு மாநிலத்திலும் எல்லாத் தொகுதிகளிலும் முதலிடம், ஆகவே 50-க்கு 50. மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் வேறு யாரையோ விரும்பினார்கள், ஆனால் அந்த விருப்பம் நான்கைந்து பேரிடையே சிதறிக் கிடந்தது. அதே ஆண்டு ஜனநாயகக் கட்சியின் விதி குடியரசுக் கட்சியில் இருந்திருந்தால் டிரம்பின் பாதை இவ்வளவு சீக்கிரம் தெளிவாகியிருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

ஓட்டைப் பிடிப்பது ஒரு வேலை, டெலிகேட்டாகப் போகிற ஆளைப் பிடிப்பது இன்னொரு வேலை. 2016-இல் கொலராடோ குடியரசுக் கட்சி வாக்கெடுப்பையே கைவிட்டு, உள்ளூர்க் கூட்டங்கள் வழியாக மாநில மாநாட்டில் டெலிகேட்டுகளைத் தேர்ந்தெடுத்தது. டிரம்பின் போட்டியாளர் டெட் குரூஸின் ஆட்கள் மாதக்கணக்கில் அந்தக் கூட்டங்களுக்குப் போய் உட்கார்ந்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட 34 பேரும் குரூஸ் பக்கம். டிரம்ப் தரப்பு போட்ட கூச்சல் பெரிது, ஆனால் விதி முந்தைய ஆண்டே வெளியான ஒன்று. அந்த நவம்பரில் கொலராடோ வாக்காளர்கள் பிரைமரியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

காக்கஸ் என்பது மாலையில் குறித்த நேரத்துக்குப் பள்ளிக்கூடத்திலோ நூலகத்திலோ கூடும் கட்சிக் கூட்டம். இரவுப் பணிக்குப் போகிறவருக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவருக்கும் அது எட்டாது. கட்சித் தொண்டர்களே நடத்துவதால் கணக்கிலும் கோளாறு வரும். 2012-இல் அயோவாவில் ராம்னி 8 ஓட்டில் வென்றார் என்று இரவு அறிவித்தார்கள், இரண்டு வாரம் கழித்து ரிக் சாண்டோரம் 34 ஓட்டு முன்னிலை என்றார்கள். எட்டு சாவடிகளின் தாள்கள் கிடைக்கவே இல்லை. 2020-இல் அதே அயோவாவில் ஜனநாயகக் கட்சி புதிதாகச் செய்த செயலி முடங்கி, முடிவு நாட்கணக்கில் இழுத்தது. அதற்குள் எல்லோரும் நியூ ஹாம்ப்ஷயருக்குப் போய்விட்டார்கள். காக்கஸ் குறைந்துவருவது நல்லதுதான்.

நாட்காட்டிக்கு வருவோம். தன் மாநிலம்தான் முதல் பிரைமரியை நடத்தவேண்டும், வேறெங்கும் இதுபோன்ற தேர்தல் நடப்பதற்குக் குறைந்தது ஏழு நாள் முன்பே என்று நியூ ஹாம்ப்ஷயர் சட்டமே வைத்திருக்கிறது. 2024-இல் ஜனநாயகக் கட்சித் தலைமை தென் கரோலினாவை முன்னால் வைத்தபோதும் நியூ ஹாம்ப்ஷயர் ஜனவரி 23-ஐ விட்டுக்கொடுக்கவில்லை. பைடன் அங்கே பெயரே கொடுக்கவில்லை, ஆதரவாளர்கள் கையால் எழுதிப் போட்ட ஓட்டில் வென்றார். வரிசையை மீறினால் தண்டனை டெலிகேட் வெட்டு. 2008-இல் ஜனநாயகக் கட்சியில் மிச்சிகனும் புளோரிடாவும் முந்திக்கொண்டதற்காக முதலில் எல்லா டெலிகேட்டுகளையும் இழந்தன.

வரிசை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு 2020 போதும். பிப்ரவரி 29 அன்று, கறுப்பின வாக்காளர் பெரும்பான்மையாக உள்ள தென் கரோலினா ஜனநாயகக் கட்சி பிரைமரியில் பைடன் ஏறத்தாழ பாதி ஓட்டைப் பெற்றார். மூன்றே நாளில் சூப்பர் டியூஸ்டே, ஒரே நாளில் 14 மாநிலங்கள். இடைப்பட்ட நாட்களில் புட்டிஜெஜும் குளோபுச்சரும் விலகி பைடனை ஆதரித்தார்கள். யாராலும் மூன்று நாளில் 14 மாநிலங்களில் புதிதாக விளம்பரம் வாங்கி ஆள் திரட்ட முடியாது, செய்தியின் வேகம்தான் அங்கே பிரச்சாரம். அதே சமயம் கலிபோர்னியாவில் விலகியவர்களுக்குத் தபாலில் முன்கூட்டியே போட்டவர்களின் ஓட்டு வீணானது. தபாலில் சேர்ந்த சீட்டைத் திரும்பப் பெற்று மாற்றிப் போட வழியில்லை. பலர் போட்டியிடும் பிரைமரியில் முன்கூட்டியே அனுப்பாமல், கடைசி வாரம்வரை சீட்டைக் கையில் வைத்திருப்பது நல்லது.

மாநாடு இன்று பெரும்பாலும் சடங்கு. 1924-இல் ஜனநாயகக் கட்சி 103 சுற்று வாக்கெடுப்புக்குப் பிறகுதான் வேட்பாளரைக் கண்டது. 1952-க்குப் பிறகு இரு பெரிய கட்சிகளிலும் இரண்டாம் சுற்று வந்ததே இல்லை. ஆனால் டெலிகேட்டுகள் வெறும் எண்கள் இல்லை என்பதை 2024 காட்டியது. பைடன் ஜூலை 21 அன்று விலகினார். ஜனநாயகக் கட்சி விதிப்படி டெலிகேட், தம்மைத் தேர்ந்தெடுத்தவர்களின் எண்ணத்தை மனசாட்சிப்படி பிரதிபலிக்க வேண்டும், அவ்வளவுதான். வேட்பாளரே விலகினால் அவர்கள் கட்டற்றவர்கள். ஓரிரு நாளிலேயே பெரும்பான்மை டெலிகேட்டுகள் கமலா ஹாரிஸ் பக்கம் வந்தார்கள், ஆகஸ்ட் 5 அன்று இணையவழி வாக்கெடுப்பு முடிந்தது. அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் பூஜை நடந்த அந்த நாட்களில், ‘பிரைமரியே இல்லாமல் எப்படி வேட்பாளரானார்?’ என்று பலரும் கேட்டார்கள். பிரைமரியில் தேர்வானவர்கள் டெலிகேட்டுகள், அவர்கள்தான் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். சட்டப்படி அது சரி. மக்கள் நேரடியாக எடைபோடும் வாய்ப்பு அதில் இல்லாமல் போனதும் உண்மை.

அதிபர் பதவியைவிட காங்கிரஸ் இடங்களில்தான் பிரைமரியின் முழு வலிமை தெரியும். அங்கே டெலிகேட் கிடையாது, ஓட்டு நேராகக் கணக்கு. பெரும்பாலான மாநிலங்களில் முதலில் வந்தவர் வேட்பாளர். தென் மாநிலங்கள் பலவற்றில் பாதியைத் தாண்ட வேண்டும், இல்லையென்றால் முதல் இருவருக்கும் இரண்டாம் சுற்று. 2012-இல் டெக்சாஸ் செனட் இடத்துக்கு முதல் சுற்றில் இரண்டாவதாக வந்த டெட் குரூஸ், இரண்டாம் சுற்றில் முதலில் வந்தவரை வீழ்த்தினார்.

கலிபோர்னியாவும் வாஷிங்டனும் வேறு வழி போயின. எல்லாக் கட்சியினரும் ஒரே சீட்டில், எல்லா வாக்காளரும் வாக்களிக்கலாம், முதல் இருவர் எந்தக் கட்சியானாலும் நவம்பருக்கு. சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் 2016-இல் சியாட்டில் தொகுதியில் இப்படித்தான் முதலிடம் பெற்று, நவம்பரில் இன்னொரு ஜனநாயகக் கட்சிக்காரரைத் தோற்கடித்தார். ஒரு கட்சியே ஆளும் தொகுதியில் இது நியாயமான ஏற்பாடு, உண்மையான போட்டி அதிக வாக்காளர் வரும் நவம்பருக்கு நகர்கிறது. ஆபத்தும் உண்டு. 2012-இல் கலிபோர்னியாவின் 31-ஆம் தொகுதி ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாய்ந்தது. ஆனால் அக்கட்சியில் நான்கு பேர் நின்று ஓட்டைப் பிரித்தார்கள், குடியரசுக் கட்சியில் இருவர் மட்டுமே. அந்த இருவரும் நவம்பருக்குப் போனார்கள்.

2018 ஜூன் 26 அன்று நியூயார்க்கின் 14-ஆம் தொகுதியில், ஜனநாயகக் கட்சியின் கீழவைத் தலைவர்களில் ஒருவரான ஜோ கிராலியை 28 வயது அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் தோற்கடித்தார். இருவரும் சேர்ந்து வாங்கிய ஓட்டு 30,000-க்கும் குறைவு. ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் வாழும் தொகுதி அது. மூடிய பிரைமரி என்பதால் கட்சிக் கட்டத்தைக் காலியாக விட்டவர்கள் அன்று உள்ளே வர முடியவில்லை. நவம்பரில் அவர்கள் வந்தார்கள். அப்போது அவர் 78 சதவீத ஓட்டோடு வென்றார்.